போணிக்கு முன்னால்

போடப் போகிற பூக்கடைக்கு அம்மா ஒரு பெயர்ப்பலகை செய்து வைத்திருந்தாள். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் ‘பூமாலை’ என்று ஒரே ஒரு சொல். கடைக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்றாள். எழுத்து சுவரைப் பார்க்கும்படி பலகையைத் திருப்பி, அலமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டாள். அப்போது நான் பள்ளியில் படிவம் மூன்றில் இருந்தேன். அதோடு பள்ளியை விட்டேன். படிப்பு ஏறவில்லை, வேறு காரணம் சொல்ல எதுவும் இல்லை. மந்தின் டவுனில் ஒரு மினி மார்க்கெட்டில் கல்லாவில் உட்கார ஆரம்பித்தேன். பலகை அங்கேயேதான் இருந்தது.

எங்கள் வீடு மந்தினுக்கு உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கிறது. பாதி வீடுகள் காலி. போக முடிந்தவர்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிற வீடுகளில் காது குத்து, பெயர் வைப்பு, நிச்சயம் என்று எது நடந்தாலும் பூ கட்டுவது அம்மாதான். பகலெல்லாம் சுங்கை காடுட் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் தொலைக்காட்சி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து கட்டுவாள். காசு வாங்க மாட்டாள். எல்லோரும் அவளைக் கடை போடச் சொன்னார்கள். தீபாவளி முடியட்டும் என்பாள். பிறகு கோயில் திருவிழா முடியட்டும் என்பாள். பிறகு மழை நிற்கட்டும் என்பாள்.

ஒரு நாள் நான் நேராகவே கேட்டேன். “பயமா இருக்கா உனக்கு?”

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “துணிக் கடைன்னா விக்காதத மடிச்சு உள்ள வச்சிரலாம். பூ அப்படி இல்ல. விக்கலன்னா சாயங்காலம் வாடிப்போன கூடைய தூக்கிட்டு இந்த லயத்து நடுவுல நடந்து வரணும். எல்லாரும் வாசல்ல நிப்பாங்க.”

“நின்னா நிக்கட்டும் லா.”

“உனக்குத் தெரியாது. தோத்தா வீட்டுக்குள்ள தோக்கணும்.”

அதற்குப் பிறகு ஒரு தீபாவளிகூட அவள் பார்க்கவில்லை. தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அப்படியே சாய்ந்தாள். மருத்துவமனையில் கண் திறக்கவே இல்லை. ஒரு விடியற்காலையில் முடிந்துவிட்டது.

நானும் அப்பாவும் மருத்துவமனையிலிருந்து நேராக மாலை வாங்கப் போனோம். ஊருக்கெல்லாம் பூ கட்டியவளுக்கு வீட்டில் ஒரு முழம்கூட இல்லை. சிரம்பானில் ஒரு பூக்கடை அப்போதுதான் திறந்திருந்தது. கடைக்காரர் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எதற்கு மாலை என்று அப்பா சொன்னதும் கையை நிறுத்தினார்.

“இன்னும் போணி ஆகலைங்கண்ணே. கோச்சுக்காதீங்க. சாமிக்கு ஒரு சரம் போகட்டும், அதுக்கப்புறம் எடுத்துக்குங்க.”

அன்றைய முதல் வியாபாரம் சாவுக்குப் போகக் கூடாது. போனால் கடை விளங்காது. பூ விற்கிறவர்களுக்கு இது தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, கடையை விட்டுத் தள்ளிப் போய் சாக்கடை ஓரமாக நின்றார். ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். புதுக் காரில் ஒரு அம்மா வந்து, காருக்குப் போட ஒரு சரமும் சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு போகும்வரை நின்றோம். அதன் பிறகு கடைக்காரர் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மாலையாகத்தான் எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு முழம் மல்லிகையைச் சும்மா கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் எனக்கு மாதக்கணக்கில் ஆத்திரம் அடங்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு வந்திருப்பேன்.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் போன பிறகு அலமாரியை நகர்த்தினேன். பலகையில் பல்லி முட்டை ஒட்டியிருந்தது. சுரண்டினேன். துடைத்து, எழுத்து நம்மைப் பார்க்கும்படி கூடத்தில் சாய்த்து வைத்தேன். வேலையிலிருந்து வந்த அப்பா அதைப் பார்த்தார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். நெடுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

எனக்குப் பயம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்லா வேலையை விட்ட அன்று வாந்தி எடுத்தேன். சரம் கட்ட எனக்கு வரும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கைக்கு வந்துவிட்டது. பெரிய மாலைதான் வராது. ஒரு பக்கம் கனத்து, மறுபக்கம் மேலே ஏறி, தூக்கிப் பிடித்தால் சீக்குக் கோழி மாதிரி கழுத்து சாய்ந்து நிற்கும். கட்டுவேன், பிரிப்பேன், மறுபடி கட்டுவேன். செவ்வந்தி இதழ் வீடெல்லாம் கிடக்கும். அப்பா பார்த்துவிட்டு “பரவால்ல” என்பார். அவர் ‘பரவால்ல’ என்றால் நன்றாக இல்லை என்று அர்த்தம். ஒரு நாள் மாலையை வாங்கி, ஆணியில் மாட்டி, தள்ளி நின்று பார்த்தார். அது நேராகத் தொங்கியது.

அப்பாவின் அக்கா சிரம்பானைத் தாண்டி பாரோயில் இருக்கிறார். விஷயம் தெரிந்ததும் பஸ் பிடித்து வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏன்டி, ஒரு வருசம் ஆகல. கோயிலுக்கே போகக் கூடாத வீடு இது. நீ கட்டுற பூவ எவ சாமிக்குப் போடுவா?”

“போடறவங்க போடட்டும் அத்தை.”

“ஒரு வருசம் பொறுத்தா கை அழுகிப் போயிருமா?”

“அம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்துச்சு. என்ன ஆச்சு?”

அத்தை அப்பா பக்கம் திரும்பினார். “உன் மகளுக்கு வாய் யாரு குடுத்தது?” என்றார். அப்பா, “உங்க கிட்ட இருந்துதான் வந்திருக்கும்க்கா,” என்றார். அம்மா போன பிறகு அவர் செய்த முதல் வேடிக்கை அது.

தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அத்தை தானே நின்று நடத்த ஆரம்பித்துவிட்டார். அவர் அப்படித்தான். அவருடைய தாமானில் ஒரு அம்மா இருக்கிறாராம். கைராசிக்காரர். அவர் கையால் போணி செய்தால் கடை நிற்குமாம்.

“ஒரு பியூட்டி பார்லர், ஒரு காப்பிக் கடை, எல்லாம் அவங்க கைதான்.”

“அந்தக் காப்பிக் கடைய மூடிட்டாங்களே அத்தை.”

“அது காப்பி நல்லா இல்ல.”

கைராசி மட்டும் இல்லை. அந்த அம்மாவின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாலை, மேடைப் பூ, சடைப் பூ, எல்லாவற்றுக்கும் இன்னும் ஆள் பார்க்கவில்லை. “நீ ஒரு கல்யாண மாலைய கட்டி முன்னால மாட்டி வை. அவங்க கண்ணுல படட்டும். மிச்சத்த நான் பேசிக்கிறேன்,” என்றார் அத்தை. அந்த ஒரு ஆர்டர் கிடைத்தால் கடை காலூன்றிவிடும். கிடைக்காவிட்டால் அம்மா சொன்ன மாதிரி கூடையைத் தூக்கிக்கொண்டு லயத்து நடுவில் நடக்க வேண்டியதுதான். எனக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அதனால் சரி என்றேன். சாவு மாலை ஒன்றுகூடக் கட்டி வைக்கக் கூடாது என்றார். அதற்கும் சரி என்றேன்.

இடம் கொடுத்தது மந்தின் கடைத்தெருவில் முடிவெட்டும் அண்ணன். கடை முன்னால் மேஜை போட்டுக்கொள்ளச் சொன்னார். “செவ்வாக்கிழம நம்ம ஆளுங்க எவனும் முடி வெட்ட வரமாட்டான். அன்னிக்கு உள்ளயே போட்டுக்க. ஃபேன் இருக்கு,” என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடை போட்டோம். மல்லிகைச் சரம், செவ்வந்திச் சரம், துளசி, சாமி படத்துக்குப் போடும் சின்ன மாலைகள். நடுவில் ஆர்க்கிட் பூ வைத்துக் கட்டிய கல்யாண மாலை. நேராகத் தொங்கியது. அப்பா நாற்காலி மேல் ஏறி அம்மாவின் பலகைக்கு ஆணி அடித்தார். எல்லாம் தயார். ஆனால் விற்கக் கூடாது. கைராசி அம்மா வரும்வரை யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று அத்தை மேஜைக்குப் பக்கத்தில் காவல் நின்றார்.

முடிவெட்டும் அண்ணன் கடைக்குள்ளிருந்து கையை நீட்டினார். “எனக்கு ஒரு முழம் குடு. சாமி படம் காலியா இருக்கு.”

“நீங்க சும்மா இருங்க,” என்றார் அத்தை. “கத்திரிக்கோல் புடிக்கிற கையி. வெட்டி விட்ரும்.”

“பூவையுமா?”

“வியாபாரத்த.”

நேரம் போனது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மல்லிகை மெல்ல வாயைத் திறக்க ஆரம்பித்தது. அத்தை போன் போட்டார். சிரம்பான் தாண்டிவிட்டார்களாம், சாலை நெரிசலாம். அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு அப்பா வயதிருக்கும். ரப்பர் பூட்ஸில் தோட்டத்து மண் ஒட்டியிருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மேஜைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டார். எதையும் தொடவில்லை.

“போணி ஆச்சா பாப்பா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“அப்ப நான் அந்தாண்ட நிக்கிறேன். ஆனதும் கூப்புடு. சாவுக்கு மாலை வேணும்.” கொஞ்சம் நிறுத்தி, “வீட்டுக்காரி,” என்றார்.

சொல்லிவிட்டு அவரே போனார். சாக்கடை ஓரமாக, வெயிலில். கையைக் கட்டிக்கொண்டார்.

“நல்ல மனுசன். அவரே தள்ளி நிக்கிறாரு பாரு,” என்றார் அத்தை. “கொஞ்ச நேரந்தான். இப்ப வந்துருவாங்க.”

என் வாயிலும் அதுதான் இருந்தது. கொஞ்சம் நில்லுங்கண்ணே. சொல்வது ரொம்பச் சுலபம். அவரே நிற்கத் தயாராக இருக்கிறார். யாரும் என்னைத் தப்பாகப் பேசப் போவதில்லை. பிறகு நல்ல பூவாகப் பார்த்துக் கொடுக்கலாம், ஒரு முழம் மல்லிகையைச் சும்மாவும் கொடுக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டே மல்லிகையில் கை வைத்துவிட்டேன். சிரம்பான் கடைக்காரரும் இப்படியேதான் நினைத்திருப்பார். அவருக்கும் என்னை மாதிரி பயம்தான் இருந்திருக்கும். ஆத்திரம் பிடித்து இத்தனை மாதம் நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த ஆளின் இடத்தில், மேஜைக்கு அந்தப் பக்கம், இப்போது நான் நின்றேன்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். மடியிலிருந்த சுத்தியலை மேஜை மேல் வைத்தார். அந்த ஆளிடம் போய், “வெயிலா இருக்கு. உள்ள வந்து உக்காருங்க,” என்றார். அவர் பரவாயில்லை என்று கையை ஆட்டினார். அப்பா திரும்பி வரவில்லை. அவர் பக்கத்திலேயே சாக்கடை ஓரமாக நின்றுகொண்டார். அவரும் கையைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் கடையைப் பார்த்து நின்றார்கள்.

“அண்ணே, வாங்க,” என்றேன்.

“ஏய்,” என்றார் அத்தை.

“போணி ஆகட்டும் பாப்பா. நான் நிக்கிறேன்,” என்றார் அவர் அங்கிருந்தே.

“நீங்கதான் போணி. வாங்க.”

அத்தை என் கையைப் பிடித்தார். விரல் அழுந்தியது. “உனக்குக் கிறுக்கா? அந்தக் கல்யாண ஆர்டர் போச்சுன்னா இந்தக் கடை நிக்காதுடி. உங்கம்மா பலகைய நெனச்சுப் பாரு.”

“அத நெனச்சுத்தான் கூப்பிட்டேன். கைய விடுங்க அத்தை.”

அந்த ஆள் தயங்கித் தயங்கி வந்தார். அப்பா கூடவே வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொடுக்க மாலை இல்லை. எல்லாம் சின்னச் சின்ன சாமி மாலை. பெரியது என்று இருந்தது நடுவில் தொங்கிய ஒன்றுதான். நான் அதைக் கழற்றினேன்.

“அது கல்யாண மாலை ஆச்சே பாப்பா.”

“அவங்க பூவும் பொட்டுமாத்தானே போறாங்க. அவங்களுக்கு இதுதான் சரி.”

அவர் மாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எங்க கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பெருசா போடல,” என்றார். பிறகு விலை கேட்டார். நான் விலை சொல்லி வாங்கினேன். சும்மா கொடுத்தால் அது போணி ஆகாது. எனக்கு அது போணியாக வேண்டும். வாங்கிய பணத்தை எல்லோரும் செய்கிற மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாலையைப் பழைய பேப்பரில் சுற்றி அவர் மோட்டார் கூடையில் அப்பா வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது கைராசி அம்மாவின் கார் வந்தது. பட்டுப் புடவை கட்டி வந்திருந்தார். சன்னலை இறக்கிவிட்டு, அந்த மோட்டாரையும் என்னையும் பார்த்தார்.

“போணி ஆயிருச்சா?”

“அது சாமி மாலைதான், சும்மா எடுத்துட்டுப் போறாரு,” என்றார் அத்தை அவசரமாக.

அந்த ஆள் இன்னும் அங்கேதான் இருந்தார். அவர் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்த பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது?

“சாவு மாலைங்கம்மா. கடைக்கு இதுதான் போணி,” என்றேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. “நல்லா இரும்மா. எங்க வீட்டுல நல்ல காரியம் வச்சிருக்கோம், தப்பா நெனச்சுக்காத,” என்று சொல்லிவிட்டு சன்னலை ஏற்றினார். கார் திரும்பிப் போனது. கல்யாண ஆர்டரும் அதோடு போனது.

“சாக்கடைல போட்ட,” என்றார் அத்தை. “கண்ணு முன்னால தூக்கிச் சாக்கடைல போட்ட.” குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். முடிவெட்டும் அண்ணன் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

“இப்பயாச்சும் எனக்கு ஒரு முழம் கிடைக்குமா?”

இப்போது அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் என் கடைக்குச் ‘சாவு மாலைக் கடை’ என்று பெயர். அம்மா வைக்காத பெயரை அவர்களே வைத்துவிட்டார்கள். வைக்கட்டும். விடியற்காலையில் ஒரு சாவு நடந்தால் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நிற்க வைக்க மாட்டேன் என்று தெரியும். கல்யாணத்துக்கு இதுவரை ஒருவரும் வரவில்லை. கோயில் ஆட்களில் சிலர் என் மேஜையைத் தாண்டும்போது அந்தப் பக்கமாக ஒதுங்கி நடக்கிறார்கள். அத்தை வெள்ளிக்கிழமை பூவை சிரம்பானில் வாங்குகிறார். வாங்கிவிட்டு எனக்குப் போன் போட்டு, “உன் கிட்ட வாங்கல, தெரிஞ்சுக்க,” என்கிறார். “சரி அத்தை, வாடாம பாத்துக்குங்க,” என்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் போன் வருகிறது.

கடை நிற்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சில நாள் ஓடுகிறது, சில நாள் மல்லிகை எல்லாம் பழுத்துப் போகிறது. காலையில் மேஜையை விரிக்கும்போது பயம் இன்னும் இருக்கிறது. பயம் போனால் ஆரம்பிக்கலாம் என்று இருந்தால் அம்மா மாதிரி நானும் பலகையைத் திருப்பி வைத்துவிட்டுச் செத்துப்போவேன். பயம் போகாது. அதுவும் கூடவே மந்தினுக்கு வரட்டும்.

முதல் நாள் சாயங்காலத்தைச் சொல்லிவிடுகிறேன். கூடையில் பாதிக்கு மேல் விற்கவில்லை. சரங்கள் சுருண்டு, ஓரம் பழுப்பாகிக் கிடந்தன. கிளம்பும்போது அப்பா பழைய பேப்பரை விரித்துக் கூடையை மூடப் போனார். அம்மா என்ன சொல்லியிருந்தாள் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் பேப்பரை வாங்கி, நான்காக மடித்து, அப்பாவின் மோட்டார் பின் சீட்டில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். திறந்தபடியே.

லயத்துக்குள் நுழைந்ததும் அப்பா வேகத்தைக் கூட்டினார்.

“மெதுவா போங்கப்பா,” என்றேன்.

அவர் மெதுவாகப் போனார். அம்மா சொன்ன மாதிரியே எல்லோரும் வாசலில் நின்றார்கள். வாடின பூ வாசம் எங்களுக்கு முன்னால் போனது. அம்மாவிடம் காசு கொடுக்காமல் எத்தனையோ மாலை கட்டி வாங்கிய பக்கத்து வீட்டு அக்கா வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

“என்ன புள்ள, எல்லாம் அப்படியே திரும்பி வந்திருச்சா?”

“ஆமாக்கா. நாளைக்கும் வந்தாலும் வரும்,” என்றேன். “வாசல்லயே நில்லுங்க.”